அத்தையை அழைத்துக்கொண்டு ஆவுடையார்கோவிலுக்கு

"ஆவுடையார்கோவிலுக்கா? அதுவும் வேனிலேயே சமைத்து, வேனிலேயே தூங்கியா? எழுபத்தாறு வயசு மாமியாரையும் பதினோரு மாசக் குழந்தையையும் கூட்டிக்கிட்டா? உனக்கென்ன பைத்தியமா?" என்று கேட்டாள் என் ஓரகத்தி.

கேள்வி நியாயமானதுதான். நானும் அதுவரை அப்படி ஒரு பிரயாணம் போனதில்லை. மேல்நாடுகளில் கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் வைத்த வண்டியிலேயே குடும்பத்தோடு ஊர் சுற்றுகிறார்கள் என்று படித்திருக்கிறேன். பக்கத்தில் கேரள அரசு கூட 2021-ல் 'கேரவன் கேரளா' என்று ஒரு திட்டம் அறிவித்தது. அந்த வண்டிகளின் வாடகை நமக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் நம் ஊரில் வாடகைக்குக் கிடைக்கும் பன்னிரண்டு சீட் வேனையே கொஞ்சம் யோசனையோடு ஏற்பாடு செய்துகொண்டால், மூன்று நாளைக்கு ஒரு சிறு வீடாக அது உதவும். போன தை மாதக் கடைசியில் நாங்கள் அதைத்தான் செய்தோம். அந்த அனுபவம் நம் சகோதரிகள் யாருக்காவது பயன்படட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் ஏன் பஸ், ரயில் வேண்டாம் என்று முடிவு செய்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

என் மாமியாருக்குப் பிறந்த ஊர் அறந்தாங்கி பக்கம் ஒரு கிராமம். ஒன்பது வயதில் அவர் தன் அப்பாவோடு கூண்டு வண்டியில் ஆவுடையார்கோவில் திருவிழாவுக்குப் போனாராம். கல்யாணமாகிக் கோயமுத்தூருக்கு வந்த பிறகு ஒரே ஒரு முறைதான் போயிருக்கிறார். "இன்னொரு தடவை அந்தக் கோயிலைப் பாத்துட்டாப் போதும் தாயி" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். ஆனால் வண்டி ஏற மட்டும் மாட்டார். காரணம் இதுதான்: இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கல்யாணத்துக்கு எங்களோடு பஸ்ஸில் வந்தார். வழியில் பாத்ரூம் போகவேண்டி வந்துவிடுமோ என்று பயந்து, விடியற்காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. எங்களிடமும் சொல்லவில்லை. மத்தியானம் மண்டபத்தில் மயங்கி விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் படுத்திருந்தார். உடம்பில் நீர் வற்றிப்போனதோடு, சிறுநீர்த் தாரையில் கிருமியும் சேர்ந்துகொண்டது என்றார் டாக்டர். ஏற்கெனவே சர்க்கரை வியாதி, இன்சுலின் போட்டுக்கொள்கிறவர். அன்றோடு "நான் எங்கேயும் வரலை" என்று உட்கார்ந்துவிட்டார்.

யோசித்துப் பாருங்கள். நம்மில் எத்தனை பேர் இதே காரியத்தைச் செய்கிறோம்! பஸ் ஏறப் போகிறோம் என்றால் காப்பியைக் கூடப் பாதி தம்ளரோடு வைத்துவிடுகிறோம். ஆண்கள் வண்டியை ஓரம் கட்டி இறங்கிப் போய்விடுவார்கள். நாம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அத்தை செய்தது புதிதல்ல. அவர் வயதுக்கும் வியாதிக்கும் அது ஆபத்தாக முடிந்தது, அவ்வளவுதான்.

ஆகவே இந்தப் பிரயாணத்தில் கட்டில், அடுப்பு எல்லாவற்றுக்கும் முன்னால் நான் யோசித்தது கழிப்பறையைத்தான்.

அளவு எடுத்த கதை

மருந்துக் கடைகளில் நோயாளிகளுக்கென்று கமோடு நாற்காலி விற்கிறார்கள். கீழே மூடி போட்ட வாளி மாட்டியிருக்கும். அதில் ஒன்று வாங்கினேன். வேனுக்குள் கொண்டுபோய் வைத்தால், இரண்டு சீட்டுக்கு நடுவே நுழையவே இல்லை! டேப் எடுத்து அளக்காமல் வாங்கியது என் தவறு. நல்லவேளையாக வண்டிக்காரர் பின்பக்கத்து ஒற்றை சீட் ஒன்றைத் தாமே கழற்றி எடுத்துக் கொடுத்தார். அந்த இடத்தில் நாற்காலியை வைத்துக் கயிற்றால் கட்டினோம். சுற்றிலும் மேலே கம்பியில் கயிறு கட்டி, பழைய கைத்தறிப் புடவைகள் இரண்டை மறைப்பாகத் தொங்கவிட்டோம். நைலான் புடவை வேண்டாம். வெளிச்சத்தில் நிழல் தெரியும். வாளியில் எப்போதும் இரண்டு தம்ளர் பினாயில் தண்ணீர். வண்டி ஓடும்போது யாரும் அதைப் பயன்படுத்தக் கூடாது. நிறுத்தி, ஆண்கள் எல்லோரும் இறங்கிய பிறகுதான். பெட்ரோல் பங்க் கழிப்பறையில் கொட்டிக் கழுவி, மறுபடி பினாயில் ஊற்றி வைத்தோம்.

வெளியே உபயோகிக்க நான்கு மூங்கில் கழி, இன்னும் இரண்டு பழைய புடவை, கொக்கி ஊசி ஒரு டஜன். குளிக்க, உடை மாற்ற எங்கே வேண்டுமானாலும் ஐந்து நிமிஷத்தில் ஒரு தடுப்பு தயார்.

வாசலில் ஒரு ஒத்திகை

இது என் பெண் சொன்ன யோசனை. புறப்படுவதற்கு நாலு நாள் முன்பு வண்டியை ஒரு ராத்திரி எங்கள் வீட்டு வாசலிலேயே நிறுத்தி, அதிலேயே படுத்துப் பார்த்தோம். தெருவில் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். சிரித்தால் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அந்த ஒரு ராத்திரியில் நாங்கள் கற்றுக்கொண்டது கொஞ்சமல்ல.

ஜன்னலைத் திறந்தால் கொசு, மூடினால் புழுக்கம். அதனால் பழைய கொசுவலையை ஜன்னல் அளவுக்கு வெட்டி, ஓரம் தைத்து, ஒட்டுப்பட்டி வைத்து மாட்டினேன். ராத்திரி எழுந்தால் செருப்பு கிடைக்கவில்லை, டார்ச் கிடைக்கவில்லை. ஆளுக்கு ஒரு துணிப்பை தைத்து, அவரவர் தலைமாட்டில் ஆணியில் மாட்டினேன். அதில் டார்ச், கண்ணாடி, மாத்திரை, துண்டு. குழந்தை புது இடம் என்று பன்னிரண்டு மணி வரை அழுதான். அவன் தினமும் படுக்கும் அதே பழைய புடவைத் தூளியைக் கொண்டுவந்து விரித்ததும் தூங்கிவிட்டான். நாலு நாள் கழித்து அறந்தாங்கிப் பக்கம் இருட்டில் நின்றுகொண்டு இதையெல்லாம் தெரிந்துகொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்!

ஒரு முக்கியமான எச்சரிக்கை. புழுக்கமாக இருக்கிறது என்று இன்ஜினை ஓடவிட்டு, ஏ.சி. போட்டுக்கொண்டு, கண்ணாடியை மூடித் தூங்கவே கூடாது. 2024 டிசம்பரில் கேரளத்தில் வடகரை அருகே ரோட்டோரம் நின்ற கேரவன் வண்டிக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து உள்ளே கசிந்த கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுதான் காரணம் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். அதேபோல, நிறுத்திய வண்டிக்குள் குழந்தையை விட்டுவிட்டு 'இதோ வந்துவிடுகிறேன்' என்று இறங்குவதும் கூடாது. வெயிலில் மூடிய வண்டி சில நிமிஷங்களிலேயே அடுப்பாகிவிடும்.

அடுப்புச் சண்டை

சின்ன காஸ் சிலிண்டரும் ஒற்றை அடுப்பும் எடுத்துப் போகலாம் என்றார் என் வீட்டுக்காரர். நான் ஒப்புக்கொள்ளவே இல்லை. 2023 ஆகஸ்டில் மதுரையில் நின்ற சுற்றுலா ரயில் பெட்டியில் நடந்தது நினைவிருக்கும். வடநாட்டிலிருந்து கோவில்கள் பார்க்க வந்தவர்கள், பெட்டிக்குள் சிலிண்டர் வைத்துச் சமைத்ததில் தீப்பிடித்து ஒன்பது பேர் உயிரிழந்தார்கள். "நம்ம வீட்டுக் குழந்தை தூங்குற வண்டியில அது வேண்டாம்" என்றேன். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை அவர்!

வழி சொன்னது அத்தைதான். "எங்கப்பா காலத்துல எந்த சிலிண்டர் கண்டோம்? வண்டிக்கு அடியில ஒரு வலை கட்டி அதுல மாட்டுக்கு வைக்கோலு, ஒரு ஓரத்துல விறகு, அச்சுல லாந்தரு. மரத்தடியில மூணு கல்லைக் கூட்டிச் சோறாக்கினோம்" என்றார். அதையே செய்தோம். பரணில் கிடந்த இரும்பு விறகடுப்பை இறக்கித் துரு தேய்த்தேன். ஒரு சாக்கு நிறையக் கொட்டாங்கச்சி. வண்டியிலிருந்து இருபதடி தள்ளி, காற்றுக்கு எதிர்ப்பக்கமாக மட்டுமே அடுப்பு. பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர். முடிந்ததும் தண்ணீர் ஊற்றி அணைத்து, கரி ஆறிய பிறகுதான் கிளம்புவது.

கட்டிக்கொண்டு போனவை

முதல் நாள் சமையல் கிடையாது. மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி, புளியோதரை, தயிர்சாதம். தயிர்சாதத்துக்கு ஒரு சிறு குறிப்பு: சாதத்தைக் குழையப் பிசைந்து, காய்ச்சி ஆறவைத்த பாலை நிறைய ஊற்றி, ஒரே ஒரு ஸ்பூன் தயிர் சேர்த்தால் மத்தியானம் சாப்பிடும்போது புளிக்காமல் பதமாக இருக்கும். தேங்காய்ச் சட்னி, கீரை, உருளைக்கிழங்கு மசாலா இவற்றைப் பிரயாணத்துக்குக் கட்டவே கூடாது, சீக்கிரம் கெட்டுவிடும்.

மற்ற நாட்களுக்கு அரிசி, பாசிப்பருப்பு, வறுத்த ரவை, அவல், பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், நார்த்தங்காய் ஊறுகாய், வெங்காயம். பாத்திரம் குறைவாக இருக்கட்டும். ஒரு குக்கர், ஒரு வாணலி, ஒரு கரண்டி, ஆளுக்கு ஒரு தட்டு, ஒரு தம்ளர். நான் எடுத்து வைத்ததில் பாதியை அத்தை வெளியே எடுத்துப் போட்டார். "சீர்வரிசையா கொண்டு போற?" என்றார்.

தண்ணீரை இரண்டாகப் பிரித்தோம். குடிக்கவும் சமைக்கவும் ஒரு நாளைக்கு இருபது லிட்டர் கேன் ஒன்று. கழுவ, குளிக்க வேறு கேன். இரண்டும் கலந்துபோகாமல் இருக்க, குடிதண்ணீர்க் கேனுக்கு ஒரு மஞ்சள் துணி கட்டிவிட்டேன்.

பேரனுக்குச் சத்துமாவு, வெந்நீர் ஃப்ளாஸ்க். காய்ச்சிய பாலை ஃப்ளாஸ்க்கில் ஊற்றி மணிக்கணக்காக வைத்திருந்து கொடுக்கிற வழக்கம் சில வீடுகளில் உண்டு. வெதுவெதுப்பில் கிருமி வளரும். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு நிச்சயம். வெந்நீரை மட்டும் ஃப்ளாஸ்க்கில் வைத்து, கஞ்சியை அவ்வப்போது கரைத்துக் கொடுப்பதே நல்லது. தாய்ப்பால் கொடுக்கும் என் பெண்ணுக்கு அந்தப் புடவை மறைப்பு எவ்வளவோ உதவியாக இருந்தது.

மருந்துப் பெட்டி

இன்சுலினை என்ன செய்வது என்பதுதான் பெரிய கவலை. டாக்டரிடம் கேட்டதற்கு, உபயோகத்தில் இருக்கும் மருந்தை முப்பது டிகிரிக்கு மேல் சூடு ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றார். ஐஸ் மேல் நேராக வைக்கக் கூடாது. உறைந்துபோனால் அந்த மருந்து வீண். ஒரு மண்பானைக்குள் ஈரமணல் போட்டு, அதற்குள் சின்ன மண்கலயம் வைத்து, அதில் மருந்தை ஒரு டப்பாவில் போட்டு மூடினேன். காலையும் மாலையும் மணலை நனைத்தேன். வண்டி வெயிலில் நிற்கும்போது பானையும் எங்களோடு இறங்கி மரநிழலுக்கு வந்துவிடும். "இதென்ன, முளைப்பாரியா?" என்று வழியில் ஒரு அம்மாள் கேட்டார்!

சாப்பாடு தட்டில் வந்த பிறகுதான் ஊசி என்று விதி வைத்தோம். பிரயாணத்தில் 'இதோ பத்து நிமிஷத்தில் சாப்பாடு' என்பது ஒரு மணி நேரமாகிவிடும். அதற்குள் சர்க்கரை இறங்கினால் வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் வரும். அப்போது உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கவேண்டும். அதற்காகச் சர்க்கரைப் பொட்டலம் ஒன்று எப்போதும் என் கைப்பையில்.

வயிற்றுப்போக்குக்கு உப்புக்கரைசல் பொட்டலங்கள். அது கிடைக்காவிட்டால், ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஆறு தலைதட்டிய டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளவு தவறக் கூடாது. மற்றபடி ஜுர மாத்திரை, பஞ்சு, கட்டுத்துணி, சுக்கு, ஓமவாட்டர். டாக்டர் சீட்டுகளின் நகல் ஒன்று டிரைவர் பக்கத்துப் பெட்டியில். ஆபத்துக்கு 108 இருக்கிறது என்றாலும், வழியில் எந்தெந்த ஊரில் பெரிய ஆஸ்பத்திரி என்று என் மகன் ஒரு தாளில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டினான்.

டிரைவர் தம்பியையும் மறந்துவிடாதீர்கள். அவருக்குத் தனிப் படுக்கை, நேரத்துக்குச் சாப்பாடு, ராத்திரி முழுத் தூக்கம். இருட்டிய பிறகு வண்டி ஓட்டுவதில்லை என்று முன்பே பேசிக்கொண்டோம். நம் எல்லோருடைய உயிரும் அவர் கண்ணில்தானே இருக்கிறது.

குளித்தலைக்கு முன்

விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். காங்கேயம், கரூர் வழியாகத் திருச்சி. அங்கிருந்து புதுக்கோட்டை, அறந்தாங்கி. முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். இரண்டு மணிக்கு ஒரு தரம் வண்டியை நிறுத்துவது, நிறுத்தும்போதெல்லாம் எல்லோரும் ஒரு தம்ளர் தண்ணீர் குடிப்பது என்று சட்டம் போட்டிருந்தேன். அத்தையும் "சரி, சரி" என்று தம்ளரை வாங்கிக்கொண்டார்.

கரூர் தாண்டி, காவிரியை ஒட்டிய ரோட்டில் வாழைத்தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே வந்தோம். தற்செயலாகத் திரும்பினேன். அத்தை தம்ளரை ஜன்னலுக்கு வெளியே மெதுவாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்! கரூரிலும் அதைத்தான் செய்திருக்கிறார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை ஏற்பாடு செய்து, கடைசியில் இவரை மறுபடியும் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் படுக்கவைக்கவா? வாய் வரைக்கும் வந்ததை அடக்கிக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "என்ன அத்தை இது?" என்றேன் மெதுவாக.

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நீ எனக்குன்னு நாற்காலி வாங்கி வச்சிருக்க. எனக்கு மட்டும்னு வண்டியை நிறுத்தி, எல்லாரையும் இறக்கிவிட்டு... சீக்காளி மாதிரி... கூச்சமா இருக்கு தாயி" என்றார். கண் கலங்கியிருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் எல்லாவற்றையும் அளந்தேன், கட்டினேன், தைத்தேன். அவர் மனசை நினைத்துப் பார்க்கவில்லை. 'அத்தைக்காக, அத்தைக்காக' என்று பத்து நாளாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது நான்தானே!

ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். ஆண்களை டீக்கடைக்கு அனுப்பினேன். "எனக்கே அவசரம் அத்தை, கொஞ்சம் திரும்பிக்கோங்க" என்று சொல்லி, முதலில் நானே மறைப்புக்குள் போனேன். அடுத்து என் பெண். பிறகு மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம். "நகரு, நகரு" என்று அத்தை எழுந்தார். வெளியே வந்ததும் அவரே தம்ளரை நீட்டினார். நான் ஊற்றிய தண்ணீரை என் கண் முன்னாலேயே முழுக்கக் குடித்தார். அதன் பிறகு மூன்று நாளும் நான் சொல்லவேண்டி இருக்கவில்லை. "மணியாச்சு, தண்ணி குடிங்க எல்லாரும்" என்று அதட்டியது அவர்தான்.

வீட்டில் வயதானவர்கள் இருக்கும் சகோதரிகளுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: வசதி செய்து கொடுத்தால் மட்டும் போதாது. அந்த வசதி எல்லோருக்கும் பொது என்று நடந்து காட்டவேண்டும்.

ஆவி ஏற்கும் சாமி

சாயங்காலம் நாலு மணிக்கு ஆவுடையார்கோவில் போய்ச் சேர்ந்தோம். அறந்தாங்கியிலிருந்து பதினாலு கிலோமீட்டர். ஒரு கல்யாண மண்டபத்தில் கேட்டு, சிறு கட்டணம் கொடுத்து, அவர்கள் வளாகத்திலேயே வண்டியை நிறுத்திக்கொண்டோம். குளிக்க, துவைக்க வசதி இருந்தது. எங்கே தங்குவதானாலும் அனுமதி கேட்டு, வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள இடமாகப் பார்த்து நிறுத்துங்கள்.

இந்த ஊரின் பழைய பெயர் திருப்பெருந்துறை. பாண்டிய மன்னருக்கு மந்திரியாக இருந்த திருவாதவூரர், குதிரை வாங்கப் பொன்னோடு புறப்பட்டு வந்தவர், இங்கே குருந்த மரத்தடியில் சிவபெருமானையே குருவாகக் கண்டு, கொண்டுவந்த பொன்னையெல்லாம் கோவில் கட்டச் செலவழித்துவிட்டார் என்பது வரலாறு. அவர்தான் மாணிக்கவாசகர். நரி பரியான கதை எல்லோருக்கும் தெரிந்ததே. அதனால்தானோ என்னவோ, மண்டபத் தூண்களில் குதிரைச் சிற்பங்கள் அத்தனை அழகு.

கோவில் திருவாவடுதுறை ஆதீனத்தின் நிர்வாகத்தில் இருக்கிறது. தெற்குப் பார்த்த சந்நிதி. மற்ற சிவன் கோவில்கள் போல இங்கே கொடிமரம் இல்லை, நந்தி இல்லை. கருவறையில் லிங்கமும் இல்லை, ஆவுடையார் மட்டும்தான். உருவமில்லாத ஆத்மாவையே தெய்வமாக வணங்குவதால் சுவாமிக்கு ஆத்மநாதர் என்று பெயர். யோகாம்பாள் சந்நிதியிலும் விக்கிரகம் கிடையாது. பலகணி வழியாக அம்மனின் பாதங்களைத்தான் தரிசிக்கிறோம்.

கல்லில் செய்த கொடுங்கைக் கூரையைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தோம். மரச்சட்டம், குறுக்குக் கம்பி, ஆணி எல்லாம் கல்லிலேயே செதுக்கியிருக்கிறார்கள். அந்தக் காலத்துச் சிற்பிகள் வேலைக்கு ஒப்பந்தம் எழுதும்போது, 'ஆவுடையார்கோவில் கொடுங்கை நீங்கலாக' என்று எழுதிக்கொடுப்பார்கள் என்று சொல்வதுண்டு. கல்தானா என்று சந்தேகப்பட்டு ஒரு வெள்ளைக்காரர் துப்பாக்கியால் சுட்டுப் பார்த்தாராம். அந்தத் துவாரம் இது என்று காட்டினார்கள்.

நம்மைப் போன்ற சமையல்கட்டுக்காரிகளுக்கு மனசில் பதிவது இங்குள்ள நைவேத்தியம்தான். சர்க்கரைப் பொங்கலும் வடையும் அல்ல. புழுங்கலரிசிச் சோறு, கீரை, பாகற்காய். சுடச்சுட வடித்த சோற்றைச் சந்நிதிக்கு முன்னால் ஒரு பெரிய கல்லின் மேல் பரப்பிவிடுகிறார்கள். அதிலிருந்து எழும் ஆவிதான் சுவாமிக்கு நைவேத்தியம். வெள்ளை ஆவி மேலே எழும்பிப் பரவுவதைப் பார்த்துக்கொண்டு அத்தை கைகூப்பி நின்றார். "ஒன்பது வயசுல எங்கப்பா தோள்ல தூக்கிக் காட்டினாரு. இதே ஆவிதான்" என்றார்.

ராத்திரி மண்டபத்து வளாகத்தில் விறகடுப்பு மூட்டினோம். நாங்களும் புழுங்கலரிசிச் சோறு வடித்து, பாகற்காய் வதக்கினோம். அப்போதுதான் தெரிந்தது, உப்பு எடுத்து வரவில்லை! முப்பத்தேழு சாமான் குறித்து வைத்து, டிக் போட்டு ஏற்றியவள் நான். பக்கத்து வீட்டில் கேட்கப் போனவளை, "உப்பைக் கடன் வாங்கக் கூடாது" என்று அத்தை தடுத்துவிட்டார். மகன் ஓடிப்போய்க் கடையில் வாங்கி வந்தான். அத்தை வண்டிப் படியில் உட்கார்ந்து, அவருக்கென்று அளவாகப் போட்ட சோற்றை ரசித்துச் சாப்பிட்டார்.

மறுநாள் திருப்புனவாசல் போனோம். அங்கே ஆவுடையாருக்கு நேர்மாறாகப் பிரம்மாண்டமான லிங்கம். லிங்கத்துக்கு மூன்று முழம் வேட்டி, அதன் ஆவுடைக்கு முப்பது முழம். பிறகு மீமிசலில் கடல் பார்த்தோம். அலை அதிகமில்லாத கடல். பேரன் முதல் முறையாகக் கடல் தண்ணீரில் கால் நனைத்தான். மூன்றாம் நாள் திருமயம் கோட்டையை வெளியிலிருந்தே பார்த்துவிட்டு, ஊர் திரும்பினோம்.

வீடு வந்து சேர்ந்ததும் ஓரகத்தி வந்தாள். "எப்படி இருந்தது?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் அத்தை முந்திக்கொண்டார். "அடுத்தாப்ல ராமேஸ்வரம் போறோம். நீயும் வா. ஒரு தம்ளர் மட்டும் கையோட கொண்டு வந்துரு" என்றார்.

சாமான் பட்டியலைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். முதல் வரியில் உப்பு என்று எழுதிவிட்டேன்.